பன்னிரண்டு ஸ்கேலும் படித்தவள்

பாடகர் குழுவை நடத்துகிற சத்தியராஜ் சார் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். அறையில் எழுந்த சிரிப்பை அடக்கி, பயிற்சியைத் தொடங்க வேண்டுமென்று சொன்னது. இருபத்திரண்டு பேர் இருந்த அந்த அறையில் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டவள் ஞானசெல்வி ஒருத்திதான்.

மார்த்தாண்டத்திலிருந்து மேற்கே போய், பெரிய ரோட்டை விட்டு இறங்கி, ரப்பர் மரங்களுக்கு நடுவே வளைந்து போகிற ஒற்றைத் தார்ச்சாலையின் முடிவில் அவர்களுடைய கிறிஸ்தவ சபை இருக்கிறது. சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாடகர் குழு கூடும். ஞானசெல்வி பதினேழு வருடமாக அதில் ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் பாடுகிறாள். வயது நாற்பத்து மூன்று. மற்ற நாட்களில் அவளுக்கு அண்டியாபீசில் வேலை. முந்திரிக்கொட்டையை அந்தப் பக்கத்தில் அண்டி என்றும், அதை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலையை அண்டியாபீஸ் என்றும் சொல்லுவார்கள். வறுத்த கொட்டையை இடது கையால் கல்லில் நிறுத்தி, வலது கையில் இருக்கும் கொட்டாப்புளியால் ஒரே தட்டில் உடைத்து, பருப்பு முழுதாக வரும்படி எடுப்பதற்குத் தல்லு என்று பெயர். ஞானசெல்வி தல்லு செக்ஷனில் இருந்தாள்.

பயிற்சி அறையில் அலமாரிக்குப் பின்னால் ஒரு பேஸ் கிட்டார் நான்கு வருடமாகச் சாய்ந்து கிடந்தது. வாசித்துக்கொண்டிருந்த பையன் குவைத்துக்குப் போய்விட்டான். குழுவில் அடிக்குரல் பாட ஆண்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவருக்கு ஆஸ்துமா. கீழே தாங்குவதற்குச் சத்தம் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்குவது ஞானசெல்வியின் காதை நான்கு வருடமாக அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"சார், அது சும்மாத்தானே கெடக்குது. நான் படிக்கட்டா?"

முதலில் சிரித்தது கீபோர்டு வாசிக்கிற ஜெபிஷ். இருபத்தெட்டு வயது. சபையில் மட்டுமல்லாமல் கல்யாண வீடுகளுக்கும் குழு வைத்து வாசிக்கிறவன்.

"செல்வியக்கா, அது அண்டி இல்ல. எவ்வளவு தல்லினாலும் பருப்பு வராது."

எல்லோரும் சிரித்தார்கள். சத்தியராஜ் சாரின் மனைவி ஜெபகனி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் சார் அதைச் சொன்னார்.

"படி. யாரு வேண்டாம்னு சொன்னா? ஆனா பன்னெண்டு ஸ்கேலும் படிச்சிட்டு வரணும். கனி எதுல எடுத்தாலும் கூட நிக்கணும். அப்பம் பாக்கலாம்."

கனி எதில் எடுத்தாலும் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சபையில் பாட்டின் முதல் வரிக்கு வாத்தியம் கிடையாது. வாத்தியமே இல்லாத காலத்தில் தொடங்கிய பழக்கம். முதல் வரியை ஒருவர் வெறும் தொண்டையில் எடுக்க வேண்டும்; இரண்டாம் வரியில் வாத்தியங்கள் சேரும். பத்து வருடமாக எடுப்பவள் ஜெபகனி. அவளுக்குச் சளி பிடித்திருந்தால் பாட்டு ஒரு படி இறங்கும். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தால் ஒன்றரைப் படி ஏறும். ஜெபிஷுக்கு அது பிரச்சினையே இல்லை. அவனுடைய கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருந்தது. அவன் விரல்கள் எப்போதும் சி ஸ்கேலின் வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடும். அதை எத்தனை படி ஏற்றிக் கேட்க வைப்பது, எத்தனை படி இறக்குவது என்பதை மிஷின் பார்த்துக்கொள்ளும். நான்கு கம்பி பேஸ் கிட்டாருக்கு அப்படி ஒரு பட்டன் இல்லை. குவைத்துக்குப் போன பையனுக்குத் தெரிந்தது நாலு ஸ்கேல்தான். வேறு ஸ்கேலில் பாட்டு விழுந்தால் அவன் சத்தத்தைக் குறைத்துவிட்டு விரலை மட்டும் அசைப்பான். அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொண்டதில்லை.

ஞானசெல்வி கிட்டாரை ஒரு பழைய சேலையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதில் மூன்று கம்பிகள்தான் இருந்தன. தடித்த கம்பி அறுந்துபோயிருந்தது. புருஷன் ஜேசுதாஸ் அதைப் பார்த்துவிட்டு, "நாலு கம்பி உள்ளதுல மூணு. நல்லா வெளங்கும்," என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவன் அதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாவது கம்பி மார்த்தாண்டத்துக் கடைக்கு வந்துசேர ஒரு மாதம் ஆயிற்று. அதுவரை மூன்று கம்பியில் படித்தாள்.

ஆம்ப்ளிபயர் கிடையாது. அது இல்லாத பேஸ் கிட்டார் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்கும். கிட்டாரின் மேல்கொம்பு துணி பீரோவின் பலகைக்கதவில் பட்டபோது கதவு முழுவதும் அதிர்ந்து சத்தம் வருவதை ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். அன்றுமுதல் சாயங்காலம் நாலரை மணிக்கு ஆலையிலிருந்து வந்து குளித்ததும், பீரோவோடு ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு மணி நேரம். அதன் பிறகுதான் அடுப்பு.

சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஞாயிறுபள்ளியில் படித்த ஸோல்ஃபா மட்டும் இருந்தது. டோவிலிருந்து ரேக்கு இரண்டு கட்டம், ரேயிலிருந்து மீக்கு இரண்டு, மீயிலிருந்து ஃபாவுக்கு ஒன்று என்று கிட்டார் கழுத்தில் எண்ணினாள். எண்ணிக்கை எங்கே தொடங்கினாலும் மாறவில்லை. அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஸ்கேலை இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். இடையில் ஒரு சுரம் மங்கினாலும் கம்பி பிசிறினாலும் எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. பத்தொன்பதாவதில் பிசிறி, ஒன்றுக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. இந்தச் சட்டத்தைப் போட்டது அவளே. அதில் அவள் தனக்கு ஒருநாளும் இரக்கம் காட்டியதில்லை. சி ஸ்கேலுக்கு ஒன்பது வாரம் ஆனது. ஜி மூன்று வாரம். எஃப் ஷார்ப் வெறும் நான்கு நாள். ஏனென்றால் அதற்குள் விரலுக்கு உருவம் தெரிந்துவிட்டது. உருவத்தை அப்படியே தூக்கி வேறிடத்தில் வைத்தால் போதும்.

ஸ்கேல் முடிந்ததும் படிகளைத் தாண்டிப் போகிற ஆர்பெஜியோ. டோ, மீ, ஸோ, மேல் டோ. இறங்கும்போது திரும்ப ஸோ, மீ, டோ. போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் அதை வாசித்துக் காட்டியபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருடமாகச் சனிக்கிழமைதோறும் தொண்டையைத் திறக்கப் பாடுகிற அதே வரிசைதான். தொண்டைக்குத் தெரிந்ததை விரலுக்குச் சொல்ல ஐந்து மாதம் ஆயிற்று.

விரல்தான் அவளைக் கொன்றது. கம்பியை அழுத்துகிற இடது கை விரல் நுனிகளில் தோல் காய்த்துத் தடிக்க வேண்டும், தடித்தால்தான் வலிக்காது. ஆனால் கல்லில் கொட்டையைப் பிடிக்கிறதும் அதே இடது கைதான். முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் கறை, எவ்வளவு சாம்பல் பூசிக்கொண்டாலும் விரலில் ஏறும். ஏறினால் தோல் கறுத்து, வெந்து, உரியும். சனி ஞாயிறில் காய்ப்பது புதன்கிழமைக்குள் உரிந்துவிடும். உரிந்த இடத்தில் கம்பி அழுந்தும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு தடவை பி ஃப்ளாட்டில் பதினாறாவது ஏற்றத்தில் கம்பி ஈரமாகி வழுக்கியது. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். துடைத்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினாள்.

தல்லு செக்ஷனில் அவளுக்குப் பக்கத்துக் கல்லில் உட்காருகிறவள் கிருஷ்ணமணி. நாக்கு நீளம்.

"ஏட்டி, என்னத்த முணுமுணுக்க? ஒவ்வொரு அண்டிக்கும் பேரு வைக்கியா?"

"டோ ரே மீ."

"ஆமா, உடைஞ்சு தெறிச்சா தெரியும் டோவும் ரேயும். சூப்பர்வைசரு உன்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்கான்." கொஞ்ச நேரம் கழித்து, "விரலைக் காட்டு பாப்போம்," என்றாள். பார்த்தாள். "இந்த வயசுல உனக்கு எதுக்குட்டி இந்த நோக்காடு? கொயர்ல உனக்குச் சிலை வைக்கப் போறாவளா?"

"பேரு போர்டுல எழுதுவாவ."

"எழுதி?"

ஞானசெல்வி அடுத்த கொட்டையைக் கல்லில் வைத்தாள். பயிற்சி அறைச் சுவரில் ஒரு பலகை உண்டு. சோப்ரானோ, ஆல்டோ என்று பாடுகிறவர்களின் பெயர்கள் கூட்டமாக எழுதியிருக்கும். வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு வரி. குவைத் பையனின் வரி அழிக்கப்பட்டு நான்கு வருடமாக வெறுமையாக இருந்தது.

பதினான்காவது மாதம், ஆலயம் திறந்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, கிட்டாரைச் சேலையில் சுற்றியபடி பயிற்சி அறைக்கு வந்தாள். "சார், பன்னெண்டும் ஆச்சு," என்றாள்.

சத்தியராஜ் சாருக்குத் தான் சொன்னது நினைவில் இல்லை. ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஜெபிஷ் சிரித்துக்கொண்டே ஆம்ப்ளிபயரில் செருகும் ஜாக் வயரை எடுத்துக் கொடுத்தான். முதல்முறையாகத் தன் வாசிப்பின் முழுச் சத்தத்தையும் அவள் கேட்டாள். கால் கட்டைவிரல் வரைக்கும் வந்தது. சி, எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று வரிசையாகப் பன்னிரண்டையும் ஏறி இறங்கினாள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஆர்பெஜியோ. கம்பி ஓரிடத்திலும் பிசிறவில்லை.

"செரி, பாட்டுல பாப்போம்," என்றார் சார். ஜெபகனி ஒரு கீர்த்தனையின் முதல் வரியை எடுத்தாள். ஜெபிஷ் பட்டனைத் தட்டிவிட்டு, "சி, அக்கா," என்றான்.

ஞானசெல்வி இரண்டு அடி சி-யில் வைத்தாள். உடனே விரலை நகர்த்தினாள்.

"சி-ன்னு சொன்னேன்லா, அக்கா."

"உனக்க விரலுக்கு சி, மக்கா. சத்தம் ஈ ஃப்ளாட்டுல்லா. மிஷின்ல மூணுன்னு காட்டுது, பாரு."

சார் குனிந்து கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தார். மூன்று என்றுதான் இருந்தது. அவள் அதோடு விட்டிருக்கலாம். பதினான்கு மாதத்து விரல் விடவில்லை.

"அதைப் பூஜ்யத்துல வச்சிட்டு ஈ ஃப்ளாட்டுல வாசி மக்கா. எல்லாரும் கேக்கட்டும்."

ஜெபிஷ் முயன்றான். எல்லோரும் பார்க்கும்போது வேறென்ன செய்ய முடியும். கறுப்புக் கட்டைகளில் விரல் தடுமாறி, ஒரு வரி முடிவதற்குள் மூன்று இடத்தில் தவறி நின்றது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்பம் இவ்வளவு நாளும் சி மட்டும்தான் வாசிச்சியாடே?" என்று கேட்டார்கள். போன வருடம் அவளைப் பார்த்து எழுந்த அதே சிரிப்பு, அதே அளவில் எழுந்தது. ஜெபிஷின் காது சிவந்தது. ஞானசெல்விக்கு அந்த நிமிடம் இனித்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, அவளும் சிரித்தாள்.

"பண்டிகைக்கு வாசி," என்றார் சார். "பிசகில்லாம நடந்தா போர்டுல பேரு எழுதிடலாம்."

பண்டிகையன்று காலை ஆராதனைக்கு ஆலயம் நிறைந்து, வெளியே பந்தலிலும் ஆட்கள் நின்றார்கள். பின்புறத்தில் சபையார் கூடி உண்ணும் அசனச் சாப்பாட்டுக்குச் சாம்பார் கொதிக்கிற மணம் ஜன்னல் வழியாக வந்தது. குழுவின் விசேஷப் பாட்டு நாலு சரணம். கடைசிச் சரணத்தில் ஜெபகனி தனியாக மேல் ரே வரைக்கும் ஏறி இறங்க வேண்டும். ஞானசெல்வி நீலக்கரை வெள்ளைப் பட்டு உடுத்தி, இடது கையில் கறுத்த விரல்கள் தெரியக் கிட்டாரை மாட்டிக்கொண்டு, கீபோர்டுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

ஜெபகனி எடுத்தாள். ஈ ஃப்ளாட். ஞானசெல்வி யாரிடமும் கேட்கவில்லை. இரண்டாம் வரியில் போய்ச் சேர்ந்துகொண்டாள். முதல் சரணம் முழுவதும் பாட்டு அந்தரத்தில் இல்லாமல் தரையில் நடந்தது. சத்தியராஜ் சார் கையை வீசிக்கொண்டே ஒருமுறை அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் சரணம் முடிந்து இரண்டாவது தொடங்குகிற இடைவெளியில் ஜெபிஷின் இடது கை பட்டனுக்குப் போயிற்று. ஒரு தட்டு. கீபோர்டு ஈ-க்கு ஏறியது. யோசிக்கிறதற்கு முன்னாலேயே ஞானசெல்வியின் விரல் ஒரு கட்டம் ஏறிவிட்டது. பாடகர்களும் வாத்தியத்தின் பின்னால் ஏறினார்கள். ஜெபிஷ் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் தவறி நின்றிருப்பாள் என்று எதிர்பார்த்த பார்வை. அவள் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

மூன்றாம் சரணத்துக்கு முன்னால் இரண்டாவது தட்டு. எஃப். அப்போது அவளுக்கு யோசிக்க நேரம் இருந்தது. பழைய இடத்திலேயே நின்றிருக்கலாம். நின்றிருந்தால் கீபோர்டும் பேஸும் மோதி அசிங்கமாகக் கேட்டிருக்கும். சார் திரும்பிப் பார்த்திருப்பார். பட்டனில் இருக்கும் கையையும் பார்த்திருப்பார். ஆனால் மோதிக் கேட்கும்படி ஒரு சுரம் வைக்க அவளுடைய விரல் படிக்கவில்லை. இருபது தடவை, ஒன்றிலிருந்து திரும்ப இருபது தடவை என்று அவள் படித்தது கூட நிற்பதற்குத்தான். கூடவே ஏறினாள். சோப்ரானோ வரிசையில் கழுத்து நரம்புகள் புடைக்கத் தொடங்கின.

நாலாவது சரணத்துக்கு முன்னால் அவள் அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நகர்ந்தது. இந்தத் தடவை அவன் பின்னால் போக அவளுக்கு மனமில்லை. பட்டனில் அவன் விரல் படுகிறதற்கு ஒரு இமைப்பொழுது முன்பாகவே எஃப் ஷார்ப்பில் போய் நின்றாள். இதோ வந்து சேர், மக்கா, என்று காட்டுவதற்காகத்தான். அவ்வளவு சுத்தமாக, அவ்வளவு அழுத்தமாக அந்தச் சுரம் ஆலயத்தில் விழுந்தது. அவன் வந்து சேர்ந்தான்.

ஜெபகனி தனியாக ஏறினாள். மேல் டோ வரைக்கும் வந்தாள். மேல் ரேயில் குரல் கிழிந்தது. துணி கிழிவது போல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மைக் நல்ல மைக். பந்தல் வரைக்கும் கேட்டது. முன்வரிசையில் சிறுபிள்ளைகள் சிரித்தார்கள்.

வெளியே இலை போட்டுக்கொண்டிருக்கும்போது பயிற்சி அறையில் கூடினார்கள். ஜெபகனி நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஞானசெல்வி பேசுவதற்குள் ஜெபிஷ் பேசினான்.

"நான் என்ன செய்ய சார்? பேஸ் மேல ஏறுது. விட்டா அசிங்கமாயிடும்னு நான் பட்டனைத் தட்டித் தட்டிப் பின்னால ஓடினேன். அக்காவுக்கு பன்னெண்டும் தெரியும்னு காட்டணும்போல."

"பொய் சொல்லாத டே," என்றாள் ஞானசெல்வி. "நீ ஏத்தினதுக்குத்தான் நான் ஏறினேன்."

யாரோ போனில் எடுத்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். படத்தில் ஜெபிஷின் கை பூச்செண்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது. முதல் இரண்டு இடத்திலும் பேஸும் கீபோர்டும் ஒன்றாக ஏறியதாகவே கேட்டது. நாலாவது சரணத்துக்கு முன்னால் முதலில் ஏறியது பேஸ். அதற்குப் பின்னால், ஒரு இமைப்பொழுது தாமதித்து, கீபோர்டு. மறுபடி போட்டார்கள். மூன்றாம் தடவையும் போட்டார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் அவ்வளவு சுத்தமாக வாசித்திருந்தாள்.

ஜெபகனி நிமிர்ந்தாள். "உனக்கு என் கிட்ட என்ன விரோதம், செல்வி? பத்து வருஷமா நான் எடுத்த பாட்டு. பிள்ளைய எல்லாம் சிரிச்சுது. அண்டி தல்லுத கைக்குக் கிட்டாரைக் குடுத்தது எங்க தப்பு."

ஒருவர் பின் ஒருவராகச் சாப்பிடப் போனார்கள். சத்தியராஜ் சார் மட்டும் நின்று கிட்டாரை வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சார், நீங்களுமா அதை நம்புதீய?"

அவர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். நாற்பது வருடம் பாட்டு கேட்ட காது அவருக்கு.

"இல்ல. முதல் ரெண்டும் அவன்தான் ஏத்தினான். எனக்குத் தெரியும்."

"பின்ன?"

"கீபோர்டு இல்லாம ஒரு ஞாயித்துக்கிழமை ஓட்ட முடியுமா, செல்வி? பேஸ் இல்லாம நாலு வருஷம் நடந்துது." அவர் குரலில் கோபமே இல்லை. "சாப்பிடப் போ. இலை போட்டாச்சு. சனிக்கிழமை ஆல்டோவுக்கு வந்திரு."

சனிக்கிழமை ஆல்டோவுக்கு வந்தாள். பலகையில் வெற்று வரி அப்படியே இருந்தது. ஜெபகனி முதல் வரியை எடுத்தாள், பட்டன் தட்டப்பட்டது, பாட்டு அந்தரத்தில் தொங்கியது. ஞானசெல்வியின் இடது கை பாட்டுப்புத்தகத்தின் முதுகில் தானாகக் கட்டம் எண்ணிக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் கழிந்து ஒருநாள், ஆலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே ஜெபிஷ் பைக்கில் வந்து நின்றான். கிருஷ்ணமணிதான் முதலில் பார்த்தாள்.

"ஏட்டி, உனக்க சத்துரு வந்து நிக்கான். கொட்டாப்புளியை எடுத்துட்டுப் போ."

ஞானசெல்வி வெறுங்கையோடு போனாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"எனக்க கல்யாணக் குழுவுல பேஸ் வாசிச்ச பையன் போயிட்டான், அக்கா. மூணு பேரைப் பாத்தாச்சு. பாடுதவன் சுதி மாத்தச் சொன்ன உடனே நான் பட்டனைத் தட்டினா, அவனுவ நடுரோட்டுல நிக்கானுவ. உன்னைப் போல கூட வர ஆளில்ல. கிட்டாரு எனக்கிட்ட ஒண்ணு இருக்கு."

"கொயர்ல எல்லாரும் இருக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுவியா? யாரு ஏத்தினான்னு?"

"சொல்ல மாட்டேன்."

அவன் அதில் பொய் சொல்லவில்லை. அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். மூன்று மாதமாகக் கம்பி படாமல் காய்ப்பெல்லாம் போய், கறை வெந்த இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. திரும்பவும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

"என்னைக்குக் கல்யாணம்?"

"வார மாசம் பத்தாம் தேதி."

"முதப் பாட்டு என்ன ஸ்கேலு?"

"சி."

"உனக்கா, எனக்கா?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஜெபிஷ் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஞானசெல்வி சிரிக்கவில்லை.

"கிட்டாரை நாளைக்கே கொண்டுவந்து தா. விரல் காய்க்க நாளாவும்," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சாம்பலில் கையைத் தோய்த்துக்கொண்டு தன் கல்லின் முன்னால் உட்கார்ந்தாள்.